வாராந்திர சமையல் நோட்டு: மிச்சக் கணக்கை எப்படி எழுதுறீங்க?

வணக்கம். நாலு பேர் உள்ள வீடு. நோட்டில் இடப்பக்கம் ஏழு நாள் சமையல், வலப்பக்கம் வாங்க வேண்டியவை. ஞாயிறு சந்தைக்குப் போனால் திங்கள் கீரை, செவ்வாய் வெண்டைக்காய், வாரக் கடைசியில் சேனை, பூசணி என்று சீக்கிரம் வாடுவதை முதலில் போட்டாச்சு. அது நல்லாவே நடக்குது.

இடிக்கிறது மளிகைதான். 'துவரம்பருப்பு 1 கிலோ' என்று எழுதும்போது டப்பாவில் கால் கிலோ கிடப்பது தெரிவதில்லை. பழசின் மேலேயே புதுசைக் கொட்டுவதால் அடியில் வண்டு. மூடியில் வாங்கின தேதி ஒட்டியும் மிச்ச அளவு நோட்டுக்கு வரலை. பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கணுமா, வாரத்துக்கு ஒன்றா? எந்த நாளில் டப்பாக்களைப் பார்த்து எழுதுறீங்க? நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் பெரிய உதவி. ஆப் வேண்டாம், வீட்டுப் பெரியவர்களும் எழுதணும்.