மறு: இசைத்தட்டுப் பட்டியலில் ‘கீ’க்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் இசைத்தட்டுப் பட்டியலின் ஆங்கிலக் கட்டத் தலைப்புகளுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதில் ‘கீ’ (key) பற்றி அக்கா கேட்டது:

> ‘கீ’ என்றால் சுருதி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது அக்கா. நானும் முந்தாநாள் இரவு ‘சுருதி’ என்றே போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பட்டியலின் முதல் தட்டிலேயே மாட்டிக்கொண்டேன்.

அந்தத் தட்டு, குளுக் இசையமைத்த ‘ஆர்ஃபியோ’ ஓபராவில் வரும் ‘கே ஃபரோ சென்சா எவுரிதீச்சே’. 1762இல் வியன்னாவில் அரங்கேறிய ஓபரா. இறந்த மனைவியைப் பாதாளத்திலிருந்து கூட்டிவருகிறான் ஆர்ஃபியோ. வழியில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. பார்த்துவிடுகிறான், அவள் மறுபடி இறந்துபோகிறாள். ‘எவுரிதீச்சே இல்லாமல் என்ன செய்வேன்’ என்று அவன் அப்போது பாடுவதுதான் இது. நாம் நிரப்ப வேண்டிய கட்டங்கள் மூன்று: டெம்போ (பாட்டின் வேகம்), கீ, மூட் (பாட்டு தரும் மனநிலை).

கீ, சி மேஜர். சி என்பது ஆதார சுரம், மேஜர் என்பது அதன் மேல் அமையும் சுரவரிசையின் வகை; இன்னொரு வகை மைனர். ‘சுருதி: சி’ என்று போட்டால் மேஜர் எங்கே போவது? நம் சுருதி ஆதார சட்ஜத்தை மட்டும்தான் சொல்லும். மேலே பாடுவது மேஜர் போன்ற சங்கராபரணமா, மைனர் போன்ற நடபைரவியா என்பது அதற்குக் கவலையில்லை. போதாததற்கு, தம்பூராவில் ஒருமுறை வைத்துவிட்டால் அது அசையாது. இந்தப் பாட்டோ அசைகிறது. பல்லவி மாதிரி ஒரு பகுதி மூன்று முறை வருகிறது. இடையில் பாட்டு வேறு சுரத்தை ஆதாரமாக்கிக்கொள்கிறது, ஓரிடத்தில் மைனருக்குள்ளும் போகிறது, ஒவ்வொரு முறையும் சி மேஜருக்கே திரும்புகிறது. கிளம்பிய இடமும் திரும்பும் இடமும் சேர்ந்துதான் கீ.

‘திறவு’, ‘சாவி’ இரண்டையும் விட்டுவிடலாம். பூட்டு எங்கே என்று கேட்பார்கள். ‘மேளம்’ (ராகங்களுக்குத் தாயான சுரவரிசை) சரியான சொல்தான், ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு அது கல்யாண வீட்டில் கேட்பது. மேஜருக்குப் ‘பெரும்பண்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பாலை யாழ், குறிஞ்சி யாழ் என்று பழைய இசைநூல்கள் சொல்லும் நான்குக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே உண்டு. மேஜர், மைனர் அப்படியே இருக்கட்டும். சினிமா ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரும் வேறு சொல் தேடவில்லை.

நான் முன்வைப்பது சுருதிநிலை. தேரை வடம்பிடித்து நான்கு வீதியும் சுற்றிவிட்டு ‘தேர் நிலைக்கு வந்தது’ என்கிறோமே, அந்த நிலை. நிற்கும் இடமும் நிலைதான், நிற்கும் விதமும் நிலைதான். சி என்பது இடம், மேஜர் என்பது விதம்.

‘கட்டை’யை ஏன் விட்டாய் என்று ஆர்மோனியக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கும் ஆசைதான். சி என்றால் ஒரு கட்டை, எஃப் என்றால் நாலு கட்டை. வியன்னாவில் குவதாஞ்ஞி என்ற காஸ்த்ராத்தோ (சிறுவயதில் விதைநீக்கம் செய்ததால் குரல் உடையாத ஆண்) பாடகருக்கு சி மேஜரில் எழுதிய பாட்டை, 1774இல் பாரிசில் லெக்ரோ என்ற உச்சக்குரல் ஆண் பாடகருக்காக எஃப் மேஜருக்கு மாற்றினார் குளுக். ஒரு கட்டைப் பாட்டு நாலு கட்டைக்குப் போனது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கட்டையும் பாதிதான், மேஜரைச் சொல்லாது. பக்கத்தில் துணைக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தொல்லை, இது பதிவு என்பது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டை ஆறு சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓட்டினால் பாட்டு அரைக் கட்டை ஏறிவிடும், டெம்போவும் கூடவே ஏறும். அந்தக் கால வாத்தியங்களோடு வாசிக்கும் குழுக்கள் ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 430இலோ 415இலோ வைப்பதுண்டு. 415 என்றால் அரைக் கட்டை இறக்கம்: இசைக் குறிப்பு எழுதிய ஏட்டில் சி மேஜர், காதில் பி மேஜர். பதிவைக் கேட்டுக் கீ சொல்லும் மென்பொருள், காதில் விழுவதைத்தான் எழுதும். ஆகவே ‘ஏட்டுச் சுருதிநிலை’, ‘ஒலிக்கும் சுருதிநிலை’ என்று இரண்டு கட்டங்கள் கேட்கிறேன்.

டெம்போவுக்குக் காலப்பிரமாணம் இருக்கிறது, புதிதாக எதுவும் வேண்டாம். சிலப்பதிகார உரையில் முதனடை, வாரம், கூடை, திரள் என்று நான்கு ‘இயக்கம்’ வருகிறது, அழகான சொல். ஆனால் கணினியில் ‘இயக்கம்’ என்று பார்த்தால் எல்லாரும் அதை அழுத்திப் பார்ப்பார்கள்.

மூட்தான் சிக்கல். மனைவியைப் பறிகொடுத்தவன், வழக்கமாக மகிழ்ச்சிக்குரியதாகக் கருதும் மேஜரில் பாடுகிறான்! 1854இல் ஹான்ஸ்லிக் என்ற விமர்சகர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: பாரிசின் பிரெஞ்சு வடிவத்தில் வரும் ‘இழந்தேன்’ என்பதை எடுத்துவிட்டு ‘கண்டுகொண்டேன்’ என்று போட்டாலும் மெட்டு பொருந்துமே என்றார். குளுக்குக்கே அது தெரியும். பாடும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் இந்தப் பாட்டு பொம்மலாட்டக் கூத்தாகிவிடும் என்று 1770இலேயே எழுதிவைத்தார். கேத்லீன் ஃபெரியர் 1940களில் ஆங்கிலத்தில் பாடிய பதிவைக் கேளுங்கள். அவ்வளவு நிதானம், மேஜர் என்பதே மறந்துபோகும். அதனால் மூட் கட்டத்தை மெட்டுக்கு அல்ல, பதிவுக்குத்தான் நிரப்ப வேண்டும்.

சொல்? ‘பாவம்’ (இசையில் வெளிப்படும் உணர்ச்சி) என்று தலைப்பிட்டால் ஆர்ஃபியோவைப் பார்த்து நாம் பரிதாபப்படுவது போல இருக்கும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டில் ‘அழுகை’ பட்டியலிலேயே இருக்கிறது, ஆனால் மெய்ப்பாடு உடம்பில் தெரிவது. தட்டில் உடம்பு ஏது? இப்போதைக்கு ‘உணர்வு’.

---

> தம்பி, தேர் எல்லாம் சரி. ‘சுருதிநிலை’ என்று படித்தால் எனக்கு ‘பேட்டரி நிலை’ மாதிரி, சுருதி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று காட்டுவது போலத் தோன்றுகிறது. ‘நிலைச்சுருதி’ என்று திருப்பிப் போடேன்.

போட்டுப் பார்த்தேன் அக்கா. ‘நிலைச்சுருதி’ என்றால் அசையாத சுருதி என்றாகிவிடுகிறது. எதிலிருந்து தப்பிக்க இவ்வளவு எழுதினேனோ அங்கேயே கொண்டுபோய் விடுகிறது. பேட்டரி பயம், எதிரே ‘சி மேஜர், 1 கட்டை’ என்று பார்த்ததும் போய்விடும். சுருதிநிலை என்றே கோப்பில் ஏற்றுகிறேன். ‘உணர்வு’க்கு மட்டும் நட்சத்திரக் குறி போட்டுத் திறந்து வைத்திருக்கிறேன். அந்தக் கட்டத்துக்கு நல்ல சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.