பழைய ஐ5 கணினியை ஓவர்கிளாக் செய்ய எந்த ராம் வாங்குவது?

கேள்வி (வியாசர்பாடி)

அனைவருக்கும் வணக்கம். என் கணினியில் ஐ5-2500கே பிராசஸரும் பி67 மதர்போர்டும் உள்ளன. ராம் டிடிஆர்3 வகை, வேகம் 1333, 2 ஜிபி ஸ்டிக் இரண்டு. எங்கள் பகுதிக் கால்பந்து ஆட்டங்களை மொபைலில் எடுத்து இதில்தான் எடிட் செய்கிறேன். இருபது நிமிட வீடியோவை ஏற்றினாலே கணினி திணறுகிறது. பிராசஸரை ஓவர்கிளாக் செய்து, அதாவது அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டி, 3.3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.3 வரை ஏற்ற எண்ணியுள்ளேன். சென்னை ரிச்சி தெருக் கணினிக் கடைக்காரர் ஒருவர், ஓவர்கிளாக் என்றால் 2400 வேக ராம் இல்லாமல் நடக்காது என்று அடித்துச் சொல்லி, 1.65 வோல்ட் என்று லேபிளில் அச்சிட்டிருந்த இரண்டு 4 ஜிபி ஸ்டிக்குகளைக் காட்டினார். பழையவற்றையும் கூடவே போட்டுக்கொள்ளலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில் 1 (தண்டையார்பேட்டை)

வேண்டாம், தம்பி. கடைக்காரர் சொன்னது இன்டெலின் பழைய கோர் 2 பிராசஸர் காலத்துக் கணக்கு. நான் வைத்திருந்த க்யூ6600 என்ற கோர் 2 பிராசஸரில் மல்டிபிளையர் (அடிப்படை வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) 9-க்கு மேல் ஏறாது. 266 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் தடத்தின் வேகத்தை) 400-க்கு உயர்த்தினால்தான் 3.6 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும், அந்த பஸ்ஸோடு ராமும் சேர்ந்து ஏறுவதால் டிடிஆர்2 800 இல்லாவிட்டால் பாதி வழியிலேயே நின்றுவிடும். 2011-இல் வந்த உங்கள் பிராசஸரில் அந்தப் பிணைப்பு இல்லை. அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸிலேயே இருக்க, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) மல்டிபிளையரை 43 ஆக்கினால் 4.3 வந்துவிடும், ராம் தன் பாட்டுக்கு 1333-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். தவிர, இந்தப் பிராசஸர் கொடுக்கும் ராம் வேகங்கள் 2133-உடன் முடிந்துவிடுவதால், 2400-க்குக் கொடுக்கும் காசு வீண்.

வோல்டேஜையும் பாருங்கள். ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருப்பதால், 1.5 வோல்ட்டுக்கு மேல் ஐந்து விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்பதே இன்டெலின் பரிந்துரை. 1.65-இல் ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களும் உண்டு. இருந்தாலும், மாற்றுப் பிராசஸர் கிடைக்காத இந்தக் காலத்தில் நான் அந்த வம்புக்குப் போகமாட்டேன்.

பதில் 2 (ராயபுரம்)

உங்கள் கணினி திணறுவதற்குக் காரணம் வேகமல்ல, 4 ஜிபிதான். 1600, சிஎல்9 (கேட்ட தரவைத் தரத் தொடங்க ராம் எடுக்கும் கடிகாரச் சுற்றுகள் 9), 1.5 வோல்ட் என்றுள்ள 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, ஒரே ஜோடியாக வாங்குங்கள். 1333 சிஎல்9-இல் 13.5 நானோவினாடியாக இருக்கும் தாமதம் இதில் 11.25 ஆகக் குறையும். அதே விலையில் 1866 சிஎல்10 கிடைத்தால் அதையே எடுக்கலாம், ஆனால் தேடி அலைய வேண்டாம். பழைய 2 ஜிபி ஸ்டிக்குகளைக் கழற்றிவிடுங்கள். கலந்து போட்டால் எல்லாமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும், நான்கு ஸ்டிக்குகளின் சுமையில் ஓவர்கிளாக் நிலையாக நிற்பதும் கடினம். இணையத்தில் மலிவாக வரும் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்ற 8 ஜிபி ஸ்டிக்குகள் உங்கள் போர்டில் வேலை செய்யாது.

கடலோரத்தில் இருப்பவன் என்ற முறையில் இன்னொன்று: பழைய ராம் வாங்கினால், ஸ்லாட்டில் செருகும் தங்க நிற விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உப்புக்காற்றில் மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுச் செருகுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி, அண்ணா. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி மறுபடியும் ரிச்சி தெருவுக்குப் போய், வேறு கடையில் நீங்கள் சொன்ன 1600 ஜோடியைப் பழையதாகவே வாங்கினேன். பிராசஸரைத் தொடாமல் முதலில் மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனை நிரலை ஓட்டியபோது பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் வந்தன. ரப்பரால் தேய்த்துச் செருகிய பிறகு இரவு முழுவதும் ஒரு பிழைகூட இல்லை. மல்டிபிளையர் 43-இல் வெப்பம் கூடுதலாக இருந்ததால் இப்போதைக்கு 42-இல் நிறுத்தியிருக்கிறேன். நேற்றைய ஆட்டத்தின் இரண்டு பாதிகளையும் ஒன்றாக ஏற்றினேன், தடங்கலின்றி ஓடியது.