பாராசூட் படை இருக்கும்போது கிளைடர் எதற்கு?

தேடல்:
இரண்டாம் உலகப் போரில் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பாராசூட்டில் குதிக்கிற படை இருக்கும்போது, எஞ்சினே இல்லாத கிளைடரில் ஆட்களை ஏற்றி அனுப்புவானேன்? 1943 ஜூலையில் சிசிலியில் ஏராளமான கிளைடர்கள் கடலில் விழுந்திருக்கின்றன. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நார்மண்டியில் பாலத்தை ஒட்டியே இறக்கியிருக்கிறார்கள். விமானிகளின் திறமைதான் வித்தியாசமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வானோடி:
முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். டக்கோட்டா என்ற போக்குவரத்து விமானத்திலிருந்து 18 பேர் நொடிக்கு ஒருவராகக் குதிக்கிறார்கள் என்று வையுங்கள். விமானம் நொடிக்கு 50 மீட்டர் போகிறது. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்துவிடும். இருட்டில் ஒருவரையொருவர் தேடிச் சேரவே நேரம் ஓடிவிடும். பிரிட்டிஷ் ஹோர்சா கிளைடரில் 25 பேருக்கு மேல் உட்காரலாம். தரை தட்டியதும் ஒரு முழுப் பிளாட்டூன், அதாவது சிறு படைப்பிரிவு, அதிகாரியோடு ஒரே கதவு வழியாக இறங்கிவிடும். குதிக்கப் பயிற்சி இல்லாத சாதாரணக் காலாட்படையையும் இப்படி அனுப்பலாம்.

அதைவிடப் பெரிய காரணம் கனமான ஆயுதம். பாராசூட் வீரர்களுக்கு எதிரே டாங்கி வந்தால் கையில் இருப்பதை வைத்து வெகுநேரம் சமாளிக்க முடியாது. ஹோர்சா ஒரு ஜீப்பையும் 6 பவுண்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியையும் சேர்த்தே சுமக்கும். ஹாமில்கார் என்ற பெரிய கிளைடர் டெட்ரார்க் இலகு டாங்கியையே தூக்கிச் சென்றது. அதை இழுக்க ஹாலிஃபாக்ஸ் மாதிரி நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது.

அமெரிக்க வாக்கோ கிளைடரில் ஓர் அமைப்பு உண்டு, யோசித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அதன் மூக்கு, விமானி இருக்கைகளோடு சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும். ஜீப்பிலிருந்து ஒரு கம்பிவடம் கப்பி வழியாக மூக்குக்குப் போகும். ஜீப் முன்னே நகர நகர வடம் இழுபட்டு மூக்கு தானே தூக்கிக்கொள்ளும். மோதி நின்று கட்டு அறுந்து ஜீப் பாய்ந்தாலும் விமானிகள் நசுங்காமல் மேலே தூக்கப்படுவார்கள். எப்போதும் கைகொடுத்ததென்று சொல்ல முடியாது, ஆனால் உயிர் காத்திருக்கிறது.

நாழிகை:
சிசிலிக்கு வருகிறேன். விமானி மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. 9ஆம் தேதி இரவு துனிசியாவிலிருந்து 144 கிளைடர்கள் கிளம்பின, பெரும்பாலும் வாக்கோ. கரைக்குச் சுமார் 2.7 கி.மீ. முன்பாக, ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில், இழுத்து வரும் விமானத்தோடு பிணைத்த கயிற்றை விடுவிப்பது திட்டம்.

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். 1 மீட்டர் இறங்கினால் 10 மீட்டர் முன்னே போகும் என்று வைத்தால், காற்றில்லாத நாளில் 450 மீட்டரிலிருந்து 4.5 கி.மீ. மிதக்கலாம். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் மிதக்கும் கிளைடருக்கு எதிரே 50 கி.மீ. காற்று அடித்தால்? தரைமீது 60 கி.மீ. வேகம்தான் மிஞ்சும், தூரம் ஏறக்குறைய 2.5 கி.மீ. ஆகச் சுருங்கும். சரியான இடத்தில் விடுவித்தாலே கரைக்கு எட்டாது! அன்று பலமான காற்று கரையிலிருந்து எதிரே வீசியது. போதாக்குறைக்கு, இரவில் கிளைடர் இழுத்து அதிகம் பழகாத இழுவை விமானிகள் பலர் பீரங்கி வெடிப்பைக் கண்டு இன்னும் தொலைவிலேயே விட்டுவிட்டார்கள். 60க்கும் மேற்பட்ட கிளைடர்கள் கடலில் விழுந்தன. 200 பேருக்கு மேல் மூழ்கிப் போனார்கள். ஒருவரோடும் சண்டை போடாமலே போன உயிர்கள் அவை.

அப்படியும் சிராக்கூஸ் அருகே போன்டே கிராண்டே பாலத்தின் பக்கத்தில் ஒரு ஹோர்சா இறங்கியது. அந்தச் சிறு கூட்டம் முதலில் செய்த வேலை, பாலத்தில் வைத்திருந்த வெடிமருந்தை அகற்றியதுதான். மறுநாள் பாலம் கைமாறியபோதும் எதிரியால் அதைத் தகர்க்க முடியவில்லை.

நார்மண்டியில் கயிற்றை விடுவித்தது சுமார் 1,800 மீட்டர் உயரத்தில். கையில் உயரம் இருந்தால் பிழையைத் திருத்த வழியுண்டு. திசைகாட்டி, நிறுத்துக் கடிகாரம், ஒரே பாதையில் மாதக்கணக்கில் ஒத்திகை. 1944 ஜூன் 6, இரவு 12.16க்கு முதல் ஹோர்சா கான் கால்வாய்ப் பாலத்திலிருந்து 50 மீட்டருக்குள் நின்றது. அங்கும் ஆறில் ஒன்று வழிதவறி வேறொரு ஆற்றுப் பாலத்தில் போய் இறங்கியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தேடல்:
தெளிவாகப் புரிந்தது, நன்றி. ஹோர்சாவுக்கு மூக்கு திறக்காதா? ஜீப்பை எந்த வழியாக இறக்கினார்கள்?

வானோடி:
முதல் வகை ஹோர்சாவில் பக்கக் கதவு வழியாக ஏற்றுவார்கள், இறக்குவது வால்பக்கம். போல்ட்டுகளைக் கழற்றி, வாலுக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பிகளை வெட்டி, வால் பகுதியையே பிரித்துவிட்டுச் சரிவுத் தடம் போடுவார்கள். மெத்தென்ற மண்ணில் மூக்கு புதைந்து வால் அந்தரத்தில் நின்றால் தொல்லை, உடல் முறுகினாலும் போல்ட் இறுகிக்கொள்ளும். நெதர்லாந்தின் ஆர்னமில் சில கிளைடர்களை உடைத்துத்தான் சரக்கை எடுத்தார்கள். இரண்டாம் வகையில் மூக்கைத் திறக்கும்படி மாற்றினார்கள்.

எடைப் பங்கீட்டையும் சொல்லிவிடுகிறேன். 1944 ஜூன் 6 அன்று அமெரிக்க ஜெனரல் டான் பிராட் பயணித்த வாக்கோவில் ஜீப்போடு கூடுதல் கவசத் தகடும் பொருத்தியிருந்தார்கள். எடை ஏறிய கிளைடர் ஈரப் புல்லில் பிரேக்குக்குக் கட்டுப்படாமல் சறுக்கி வேலிமரத்தில் மோதியது. அவர் அங்கேயே இறந்தார்.

கப்பிக்கயிறு:
பர்மாவை யாரும் தொடவில்லையே. 1944 மார்ச் 5 இரவு, ஜப்பானியப் படைகளுக்குப் பின்புறம் புகுந்து போரிட்ட சிண்டிட் படைக்காக ஒரே டக்கோட்டாவின் பின்னால் இரண்டிரண்டு வாக்கோ கட்டி மலைக்கு மேலே இழுத்தார்கள், அதுவும் அளவுக்கு மீறிய சுமையோடு. நைலான் கயிறு தொய்யும், அடுத்த நொடி வெடுக்கென்று இழுபடும். அந்த உதறலில் பல அறுந்தன. கிளம்பியதில் ஏறக்குறைய பாதிதான் 'பிராட்வே' என்று பெயரிட்டிருந்த இறங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே காத்திருந்தது வேறொன்று. தேக்கு மரங்களை இழுத்துப்போன தடங்கள் பள்ளம் பள்ளமாக, உயரப் புல் மூடிக் கிடந்தன. வானிலிருந்து எடுத்த படத்தில் அவை சமதரையாகத்தான் தெரியும். முதலில் இறங்கியவை சக்கரம் பிய்ந்து நடுவழியில் கிடக்க, கிளைடருக்கு எஞ்சின் இல்லாததால் பின்னால் வந்தவை மேலேறித் திரும்ப முடியாமல் அவற்றின்மேலேயே மோதின. பிழைத்தவர்கள், கிளைடரிலேயே வந்த புல்டோசரை வைத்துத் தரையைச் சமன் செய்தார்கள். மறுநாள் மாலையே அந்த ஓடுபாதையில் டக்கோட்டாக்கள் வரிசையாக இறங்க ஆரம்பித்துவிட்டன.