வண்ணப் படத்தைச் சுழற்றுவதில் சிக்கல், தெரிந்தவர்கள் உதவுங்கள்

ஹட்டன் பக்கத் தோட்டத்தில் கொப்புளம் விழுந்த தேயிலைக் கொழுந்துகளைப் படம் பிடித்து, பைதான் நிரல்மொழியின் சைபை (SciPy) நூலகத்தில் உள்ள அஃபைன் டிரான்ஸ்ஃபார்ம் (affine_transform) கட்டளைக்கு ஒரு எண் அணியைக் கொடுத்துச் சுழற்றுகிறேன். நோயிடத்தை எண்களால் குறித்த மாஸ்க் என்ற துணைப்படத்தில் 0, 2 மட்டும்தான் இருந்தன. சுழற்றியதும் இடையில் 1 முளைத்தது. இடைப்புள்ளிகளின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் ஆர்டரை (order) 3இலிருந்து 0 ஆக்கினேன், சரியாகிவிட்டது. படம் நடுவை விட்டு மூலையைச் சுற்றியதையும் ஆஃப்செட் (இட நகர்வு) கொடுத்துத் திருத்தினேன். (அந்த அணி, சுழற்றி வரும் வெளிப்படத்தின் புள்ளியிலிருந்து நாம் கொடுக்கும் உள்படத்தின் புள்ளிக்குப் போகிறது என்று புரியவே இரண்டு இரவு போனது!)

இப்போது வண்ணப் படத்தில் மாட்டிக்கொண்டேன். உயரம், அகலம், நிறம் என்று மூன்று அச்சு. 2×2 அணி கொடுத்தால் பிழை காட்டுகிறது. 3×3 ஆக்கி நிறத்துக்கு 1 வைப்பதா, ஒவ்வொரு நிறத்தையும் தனியாகச் சுழற்றுவதா? என் பழைய மடிக்கணினிக்கு எது இலகு? செய்து பார்த்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள்.