லைன்அப்பில் (சர்ஃபர்கள் அலைக்காகக் காத்திருக்கும் இடத்தில்) மோட்டார் போர்டு நுழைந்தபோது உங்களுக்கு என்ன நடந்தது?

போன ஞாயிறு நடந்ததை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை, அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன். நெஞ்சளவு அலை, காற்று இல்லை, தண்ணீர் எண்ணெய் தடவியது மாதிரி வழவழவென்று கிடந்தது. இப்படி ஒரு காலை அமைந்தால் போர்டு வைத்திருக்கும் அத்தனை பேரும் தண்ணீரில்தான் இருப்பார்கள், ஒரே பீக்கில், அதாவது அலை முதலில் உடையும் இடத்தில், 25 பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தோம். 10 நிமிடத்துக்கு ஒரு செட் (அடுத்தடுத்து வரும் பெரிய அலைகள்), அதில் உருப்படியாக 3 அலை. நம் முறை வர எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய ஊய்ங் சத்தம், காதோரம் கொசு வந்தது மாதிரி. திரும்பினால் ஒருவர் தண்ணீருக்கு மேலே அரை மீட்டர் உயரத்தில் நின்றபடி வருகிறார். மின் மோட்டார் வைத்த ஃபாயில் போர்டு, அடியில் கம்பமும் இறக்கையும் இருக்கும், வேகம் பிடித்தால் அந்த இறக்கை போர்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். எங்களுக்கு 50 மீட்டர் வெளியே, அலை இன்னும் அலையாகவே ஆகாமல் வெறும் மேடாக உருண்டு வரும் இடத்திலேயே அதில் ஏறிக்கொண்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு, எங்கள் நடுவே வளைந்து வளைந்து கரை வரை போய்விட்டார். சரி, ஒரு அலைதானே, போகட்டும் என்று விட்டோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி வெளியே நிற்கிறார்! நாமாக இருந்தால் அந்தத் தூரத்துக்கு நுரையோடு மல்லுக்கட்டி, கையால் தண்ணீரைத் தள்ளிப் பேடில் செய்து, தோள் கழன்று வந்து சேர 10 நிமிடம் ஆகும். 40 நிமிடத்தில் அவர் 14 அலை பிடித்தார், நான் எண்ணினேன். எனக்குக் கிடைத்தது 2.

அவர் விதியை மீறினாரா என்றால், அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பீக்குக்கு அருகில் முதலில் எழுந்து நிற்பவருக்கே அலை, மற்றவர்கள் டிராப்-இன், அதாவது அதே அலையில் குறுக்கே புகுவது, செய்யக்கூடாது. அந்தக் கணக்கில் ஒவ்வொரு அலையும் அவருடையதுதான். ஆனால் எல்லோருக்கும் இரண்டு கைதான் இருக்கும் என்று நினைத்து எழுதப்பட்ட விதி அது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள், நீங்கள் என்ன செய்தீர்கள்?

*

நான் கத்தியவன், ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் இதே கதை, மூன்றாவது தடவை ஒரு மோட்டார் ஃபாயில்காரர் என் முன்னால் போனபோது தண்ணீரை அள்ளி வீசி, இங்கே எழுத முடியாத வார்த்தைகளால் திட்டினேன். அவர் ஹெல்மெட் போட்டிருந்தார், என் சத்தம் காதில் விழவே இல்லை போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே கையை வேறு ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு எப்படி இருந்திருக்கும்! பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சேர்ந்துகொண்டு வேண்டுமென்றே அவர் வரும் வழியில் போர்டைக் குறுக்கே போட்டார்கள். அது முட்டாள்தனம், இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது, ஏனென்றால் அவர் திரும்பத் தெரியாத ஆளாக இருந்திருந்தால் அந்த உலோகக் கம்பம் யார் மேல் ஏறியிருக்கும்?

அப்புறம் வண்டி நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன். அறுபதைத் தாண்டியவர். இரண்டு தோளிலும் அறுவை சிகிச்சை நடந்த தழும்பு. "பேடில் செய்ய முடியாதுப்பா, நான்கு வருடமாகக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். திட்டியதைச் சொல்லாமல் அவர் போர்டைத் தூக்க ஒரு கை கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். என்ன கனம்! ஆனாலும் ஒன்று சொல்வேன், தோள் போனதற்காக ஒரு ஆளுக்கு, நீங்கள் சொன்ன மாதிரி, 14 அலை என்று எந்தக் கணக்கிலும் வராது. அவர் 3 எடுத்திருந்தால் அன்று யாரும் வாயே திறந்திருக்க மாட்டோம்.

*

உங்களுக்கெல்லாம் மின்சார மோட்டார், கொடுத்து வைத்தவர்கள். எனக்கு வாய்த்தது பெட்ரோல் எஞ்சின் வைத்த ஜெட் போர்டு. டூ-ஸ்ட்ரோக் புகையை மோந்துகொண்டே சூரிய உதயம் பார்த்தேன். செடி வெட்டும் எந்திரம் ஒன்று நம்மைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். 15 நிமிடம் தாங்கினேன், கரையேறிவிட்டேன்.

*

அலைக் கணக்கை விடுங்கள், எனக்கு இதில் பயம்தான் முதலில் வருகிறது. நான் டக்-டைவ் செய்து, அதாவது போர்டோடு அலைக்கு அடியில் முங்கி, நுரைக்குள் போன அதே நேரத்தில் ஒரு ஃபாயில் என் தலைக்கு மேலே போனது. நீருக்கடியில் கண்ணைத் திறந்து பார்த்தேன், கறுப்பாக ஒரு இறக்கை, கத்தி மாதிரி, கை நீட்டினால் தொடும் தூரத்தில். சாதாரண போர்டு வந்தால் நமக்குத் தெரியும், மேலேதான் வரும், அடியில் ஆழமாகப் போனால் தப்பிக்கலாம். ஃபாயிலில் ஆபத்தே அடியில்தான், போர்டுக்குக் கீழே முக்கால் மீட்டர் கம்பம், அதன் நுனியில் முன்னிறக்கை, பின்னிறக்கை, நடுவில் புரொப்பல்லர். இத்தனை வருடமாக உடம்பு பழகிவைத்த தற்காப்பு அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

தொழிலால் பொறியாளன், அதனால் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. கையால் பேடில் செய்கிறவர் சுமாராக மணிக்கு 6 கி.மீ. போவார். இந்த மோட்டார் ஃபாயில்களில் 40 கி.மீ. எளிதாகப் போகலாம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடி, எடை ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் 44 மடங்கு. அதற்கு மேல் பேட்டரியோடு சேர்த்து போர்டே 25, 30 கிலோ இருக்கும். அலையில் இறங்கும்போது நாமும் வேகமாகத்தான் போகிறோம், மறுக்கவில்லை. ஆனால் நாம் அலை போகும் பக்கம் மட்டும்தான் வேகமாகப் போகிறோம், அவர்கள் எல்லாத் திசையிலும். வெளியே திரும்பி வரும்போதும், வரிசையைச் சுற்றும்போதும் அதே வேகம்.

கையில் பிடித்திருக்கும் விசையை விட்டால் மோட்டார் நின்றுவிடும் என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான். மோட்டார் நிற்கும், போர்டு நிற்காது. அலையில் விழுந்தால் அந்த 30 கிலோவை அலை எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் போகும். கலிஃபோர்னியாவில் படகுகளுக்கு ஒரு விதி இருக்கிறது, தண்ணீரில் ஆள் இருந்தால் 100 அடிக்குள் மணிக்கு 5 மைலுக்கு மேல் போகக்கூடாது. அந்த வேகத்தில் ஃபாயில் தண்ணீரை விட்டு எழும்பவே எழும்பாது! அந்த ஒரு விதியை உலகம் முழுக்க வைத்தாலே எனக்குப் போதும்.

*

அடி வாங்கத் தயாராக எழுதுகிறேன்: நான் மோட்டார் போர்டு வைத்திருப்பவன்.

முதல் வாரம் நானும் அந்த ஆள்தான். என்ன தப்பு செய்கிறேன் என்றே தெரியவில்லை, ஏனென்றால் யாரும் சொல்லவில்லை, முறைத்தார்கள், அவ்வளவுதான், முறைப்பதைக் கவனிக்க எனக்கு நேரமும் இல்லை. அலையில் போவது அத்தனை போதை. சாதாரண சர்ஃபிங்கில் பாதி நேரம் பேடில், மீதியில் பெரும்பகுதி உட்கார்ந்து காத்திருப்பது, அலை மேல் நிற்பது நூற்றில் பத்து பங்குகூடத் தேறாது. இங்கே அது தலைகீழ். ஒரு மணி நேரத்தில் ஒரு மாதத்து அலை கிடைத்துவிடும், தலைக்கு ஏறத்தான் செய்யும்.

இறங்கியது எப்போது என்றால் பேட்டரி தீர்ந்த அன்று. கரையிலிருந்து 400 மீட்டர், கரைப் பக்கம் இழுக்காத நீரோட்டம், என் கீழே ஒரு இரும்புப் பெட்டி மாதிரி கனத்துக் கிடக்கும் போர்டு, அதைப் படுத்துக்கொண்டு பேடில் செய்து பாருங்கள் தெரியும். அடியில் இருக்கும் இறக்கை தண்ணீரைப் பிடித்து இழுக்கும். போன அரை மணி நேரமாக யார் அலையையெல்லாம் தின்றேனோ அதே வரிசையைக் கடந்துதான் கரைக்குப் போக வேண்டும். ஒருவர்கூட எதுவும் பேசவில்லை. ஒரு சின்னப் பையன் மட்டும், பத்து வயது இருக்கும், "அங்கிள், சார்ஜ் போயிடுச்சா?" என்று கேட்டான். அதற்கு மொத்த லைன்அப்பும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

இப்போது அலை உடையும் இடத்துக்கே போவதில்லை. உண்மையைச் சொன்னால் ஃபாயிலுக்கு அது தேவையும் இல்லை, நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காத உப்பலான, உடையாத அலையில்தான் அது சுகமாகப் போகும். கூட்டத்துக்குள் வந்து விளையாடுகிறவன் பார்வையாளர்களுக்காக வருகிறான் என்பது என் எண்ணம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

*

நாற்பது வருடமாகத் தண்ணீரில் இருப்பவன் என்ற உரிமையில் கொஞ்சம் பழங்கதை. போர்டைக் காலோடு கட்டும் கயிறான லீஷ் 1970களின் தொடக்கத்தில் வந்தபோது அதைக் கட்டியவனைப் பார்த்துச் சிரித்தார்கள், கத்துக்குட்டிக் கயிறு என்று பெயர் வேறு. போர்டை இழந்தால் நீந்திப் போய் எடுப்பவன்தான் சர்ஃபர் என்று பேச்சு. கேலியில் கொஞ்சம் நியாயமும் இருந்தது, ரப்பர் குழாயில் செய்த அந்தக் கயிறு இழுபட்டு போர்டைத் திருப்பி முகத்தில் அடித்ததில்தான் வெட்சூட் (குளிர்நீர் உடை) தயாரித்த ஜாக் ஓ'நீல் ஒரு கண்ணை இழந்தார், கயிற்றைக் கொண்டுவந்தது அவர் மகன் பாட். இன்றைக்கு லீஷ் இல்லாமல் கூட்டத்துக்குள் வந்தால் அவனைத்தான் திட்டுகிறோம். அப்புறம் நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகைக்காரர்கள் வந்தார்கள், உயரத்தில் நிற்பதால் செட்டை நமக்கு முன்னால் பார்த்துவிடுவார்கள், அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

மோட்டாரும் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் லேர்ட் ஹாமில்டன், டேரிக் டோர்னர், பஸ்ஸி கெர்பாக்ஸ் என்ற மூன்று சர்ஃபர்கள் மோட்டார் வைத்த ரப்பர் படகு தங்களைக் கயிறு கட்டி இழுக்க ஹவாயில் பெரிய அலை பிடித்தார்கள், பிறகு படகின் இடத்துக்கு ஜெட் ஸ்கீ வந்தது. ஆனால் அவர்கள் மோட்டாரைக் கொண்டுபோனது கையால் எட்டவே முடியாத அலைக்கு. நெஞ்சளவு அலைக்கு அல்ல! அப்படிப்பட்ட பெரிய அலை வரும் கலிஃபோர்னியாவின் மாவரிக்ஸிலேயே 2009இல் ஜெட் ஸ்கீக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது, குளிர்காலத்தில் பெரிய அலை எச்சரிக்கை இருக்கும் நாளில் மட்டும்தான் அனுமதி என்று. நான் பழமைவாதிதான். என்றாலும் லீஷ் யாருடைய அலையையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை இளையவர்கள் யோசிக்கலாம்.

*

ஒரே ஒரு சம்பவம். எங்கள் லைன்அப்பில் ஒரு பெண் வருவார், இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. குப்புறப் படுத்தபடி வருவார், போர்டில் சின்னதாக ஒரு மோட்டார், கூடவே நீந்தத் தெரிந்த இரண்டு நண்பர்கள். அவர் வந்தால் யாரும் எதுவும் சொல்லாமலே வழி விலகும். அவரும் ஒரு அலை எடுத்தால் ஓரமாகப் போய்க் காத்திருப்பார், மோட்டார் இருக்கிறதே என்று உடனே திரும்பி வர மாட்டார். எங்கள் இடத்தில் மோட்டாருக்குத் தடை கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். அவரை நினைத்துத்தான் நான் போடவில்லை. போட்டிருந்தாலும் தப்பில்லை என்று அவரே சொன்னார், அது வேறு விஷயம்.

*

தொடங்கியவன் மறுபடி. எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. இந்த ஞாயிறு அவர் திரும்ப வந்தார், நான் கத்தவில்லை, பேடில் செய்து கிட்டப் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, நாங்க முக்கால் மணி நேரமா உக்காந்திருக்கோம்" என்றேன். அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். வரிசை என்று ஒன்று இருப்பதே தெரியாதாம், சர்ஃபிங் செய்ததே இல்லையாம், நேராக மோட்டார் ஃபாயிலிலிருந்து தொடங்கியவர். மன்னிப்புக் கேட்டுவிட்டு 200 மீட்டர் தள்ளி இருந்த மணல் திட்டுக்குப் போய்விட்டார்.

நிம்மதியாக உட்கார்ந்தோம். ஒரு அரை மணி நேரம் போயிருக்கும். அந்தத் திட்டில் வலப்பக்கமாக நீளமாக, சுத்தமாக அலை உடைவது இங்கிருந்தே தெரிந்தது, எங்களுடையதைவிட நல்ல அலை. முதலில் இரண்டு பேர் மெதுவாக அந்தப் பக்கம் பேடில் செய்ய ஆரம்பித்தார்கள். அப்புறம் நான்கு பேர். நானும் போனேன், மறைப்பானேன். நாங்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக வருவதைப் பார்த்துவிட்டு அவர் மோட்டாரை நிறுத்திப் போர்டில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.