5 மீட்டர் ஸ்லாட்டில் எந்த லக்சுரி எலெக்ட்ரிக் செடான் நிற்கும்? ஐ7, ஈக்யூஎஸ், ஐ5, இ-ட்ரான் ஜிடி: உதவி தேவை

கேள்வி: பேஸ்மென்ட்_பி2

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. என் ஸ்லாட் 5.0 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். ரிவர்ஸில் விட்டால் இடது பக்கம் தூண், பின்னால் சுவர். வேண்டுமானால் ஸ்டேக் பார்க்கிங்கில் (தட்டுகளில் வண்டிகளை மேலும் கீழுமாக அடுக்குவது) கீழ்த்தட்டு ஒன்றை மாற்றித் தர அசோசியேஷன் தயார். அதன் பிளேட்டில் 2500 கிலோ, வண்டி நீளம் 5200 மிமீ என்று போட்டிருக்கிறது.

பார்த்துக்கொண்டிருப்பவை: பிஎம்டபிள்யூ ஐ7, மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் 580, பிஎம்டபிள்யூ ஐ5 எம்60, ஆடி இ-ட்ரான் ஜிடி. பின்சீட்டில் 70 தாண்டிய அப்பா, அம்மா. ஐ7-க்கு ஒரு இடத்தில் அகலம் 1950 மிமீ, இன்னொரு இடத்தில் 2192 மிமீ என்று இருக்கிறது. எது சரி? உண்மையில் இவற்றில் எதுக்கு எது போட்டி?

பதில்: டேப்_மாஸ்டர்

இரண்டும் சரிதான். 1950 என்பது பாடி அகலம், 2192 கண்ணாடிகளை விரித்த அகலம். நான்கையும் ஒரே முறையில் எடுத்தால்: ஐ7 1950 / 2192, ஈக்யூஎஸ் 1926 / 2125, ஐ5 1900 / 2156, இ-ட்ரான் ஜிடி 1964 / 2158. நீளத்தில் குட்டையான ஆடிதான் அகலத்தில் முதலிடம் என்பதைக் கவனியுங்கள்.

ஸ்லாட்டுக்குள் கண்ணாடி மடங்கிவிடும், அதனால் பாடி அகலத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். தூண் பக்கம் 150 மிமீ விட்டால் டிரைவர் பக்கம் மிஞ்சுவது ஐ7-க்கு 400, ஈக்யூஎஸ்-க்கு 424, ஐ5-க்கு 450. ஆள் சிரமமில்லாமல் இறங்க 550 முதல் 600 வேண்டும். ஆகவே வலது பக்கத்து ஸ்லாட் காலியாக இருந்தால் ஒழிய நான்கிலும் ஒருக்களித்துத்தான் இறங்கணும். பெரியவர்களை லிஃப்ட் வாசலிலேயே இறக்கிவிட்டு அப்புறம் பார்க் பண்ணுங்கள். அகலத்தைப் பார்த்து வண்டியைத் தேர்வு செய்யாதீர்கள், 50 மிமீ வித்தியாசத்தில் எதுவும் மாறாது.

நீளம்தான் விஷயம். ஐ7 5391, ஈக்யூஎஸ் 5216, ஐ5 5060, இ-ட்ரான் ஜிடி 4989. பின்சுவரிலிருந்து 150 மிமீ விட்டால் ஆடியே 139 மிமீ வெளியே நீட்டும், ஐ7 541. மூக்கு எவ்வளவு நீட்டினால் எதிர் ஸ்லாட்காரர் வண்டி திருப்ப முடியும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்ப்பதுதான் வழி.

தரையில் வீல் ஸ்டாப்பர் கட்டை இருந்தால் அதையும் அளந்துவிடுங்கள். ஹேட்ச்பேக்கை மனதில் வைத்துப் பதித்த கட்டை சுவருக்குப் பக்கத்தில் இருக்கும். பெரிய செடானின் பின் டயர் அதைத் தொடும் முன்பே பம்பர் சுவரில் இடித்துவிடும்.

பதில்: வீல்பேஸ்

போட்டி பற்றி. ஐ7-க்கு நேர் எதிரி ஈக்யூஎஸ்தான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரிப் பெரிய வண்டிகள் இல்லை. வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம், ஐ7 3215, ஈக்யூஎஸ் 3210. அதாவது நீளத்தில் இருக்கும் 175 மிமீ வித்தியாசத்தில் 170 மிமீ மூக்கிலும் வாலிலும் போய்விட்டது. ஐ7 பெட்ரோல் 7 சீரிஸின் அதே பாடி, நீண்ட பானெட் அதோடு வந்ததுதான். ஈக்யூஎஸ் எலெக்ட்ரிக்குக்கென்றே வரைந்த தளம், அதனால் சக்கரங்களை ஓரத்துக்குத் தள்ள முடிந்திருக்கிறது. ஐ5-ன் வீல்பேஸ் 2995. அதைக் கழித்தால் சக்கரங்களுக்கு வெளியே தொங்குவது 2065. ஈக்யூஎஸ்-க்கு அதே கணக்கு 2006 தான்!

நம் ஊரில் போட்டியைத் தீர்மானித்தது அளவைவிட வரி. ஈக்யூஎஸ் 580 புனே பக்கம் சாகனில் அசெம்பிள் ஆகி 2022 செப்டம்பரில் 1.55 கோடிக்கு வந்தது. ஐ7 முழு இறக்குமதியாக 2023 ஜனவரியில் 1.95 கோடி. 2024-ல் வந்த ஐ5 எம்60-ம் இறக்குமதிதான், 1.195 கோடி. எல்லாம் அறிமுக எக்ஸ்-ஷோரூம் விலை. அன்றைய நிலவரப்படி ஈக்யூஎஸ், ஐ7-ஐ விட 40 லட்சம் கீழே, ஐ5-ஐ விட 35 லட்சம் மேலே. நடுவில் நிற்கிற வண்டி அது.

ரேஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். ஈக்யூஎஸ்-ன் 857 கிமீ ஏஆர்ஏஐ (இந்தியத் தேர்வு) சான்று, ஐ7-ன் 591–625 கிமீ டபிள்யூஎல்டிபி (ஐரோப்பியத் தேர்வு). வேறு வேறு தேர்வுத்தாள். பேட்டரியைப் பாருங்கள்: பயன்படுத்தக் கிடைப்பது ஐ7-ல் 101.7 யூனிட், ஈக்யூஎஸ்-ல் 107.8, ஐ5-ல் 81.2.

கேட்டவர்: பேஸ்மென்ட்_பி2

நன்றி. ராம்ப்பை அளந்தேன். 3 மீட்டர் கிடைநீளத்துக்கு 50 செமீ ஏற்றம், மேல் முனை வளைவில்லாமல் கூராக இருக்கிறது. நடுவயிறு தட்டுமா?

பதில்: டேப்_மாஸ்டர்

தட்ட வாய்ப்பு இருக்கிறது. 6-க்கு 1 ஏற்றம் என்றால் சுமார் 9.5 டிகிரி. கிரவுண்ட் கிளியரன்ஸ் 130 மிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். 3215 வீல்பேஸுக்கு நடுவயிறு தாங்கும் கோணம் 9.3 டிகிரிதான். அதே 130-ல் 2900 வீல்பேஸுக்கு, அதாவது இ-ட்ரான் ஜிடி அளவுக்கு, 10.2 கிடைக்கும்.

ஈக்யூஎஸ்-ல் ஏர் சஸ்பென்ஷனை 25 மிமீ உயர்த்தலாம். 155 மிமீ ஆனால் கோணம் 11, தாண்டிவிடும். ராம்ப் முனைக்கு வந்தபிறகு பட்டனை அமுக்காதீர்கள், உயர நேரம் எடுக்கும். கேட்டிலேயே போட்டுவிடுங்கள். ஐ7-லும் முன்பின் இரண்டிலும் ஏர் சஸ்பென்ஷன் உண்டு. ஐ5-ல் ஏர் பின்பக்கம் மட்டும், சுமைக்கேற்ப மட்டம் பிடிக்கத்தான். முன்பக்கம் உயராது.

டெஸ்ட் டிரைவை உங்கள் ராம்ப்பில் வைத்துக் கேளுங்கள், பின்சீட்டில் மூன்று பேரோடு. ஷோரூம் வாசல் ராம்ப் எப்போதும் தட்டாது :)

பதில்: பின்சீட்_பெஞ்ச்

பெரியவர்களுக்கு என்றால் இ-ட்ரான் ஜிடியை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். உயரம் 1.4 மீட்டர் அளவு, உட்காருவதும் எழுவதும் கிணற்றில் இறங்கி ஏறுவது மாதிரி. ஒரு விஷயத்தில் மட்டும் அது கெட்டிக்காரத்தனம்: பின்பயணியின் பாதம் வரும் இடத்தில் பேட்டரி மாட்யூல்களை விட்டுவிட்டுப் பள்ளம் வைத்திருக்கிறார்கள். அதனால் முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்காது.

ஈக்யூஎஸ்-ல் அந்தப் பள்ளம் கிடையாது. தரை உயரம், கூரை சரிவு. கால் நீட்ட இடம் தாராளமாக இருந்தும் தொடைக்கு அடியில் தாங்கல் குறையும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தான் தெரியும், ஐந்து நிமிஷத்தில் தெரியாது. ஐ7-ன் உயரம் 1544, ஈக்யூஎஸ் 1512. வயதானவர்களுக்கு நான்கில் ஐ7தான், விலை உதைக்கும்.

டிக்கி: ஈக்யூஎஸ் 610 லிட்டர், கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும் கதவு, உங்கள் பேஸ்மென்ட் பீமில் இடிக்கிறதா பாருங்கள். ஐ7 500, ஐ5 490. ஈக்யூஎஸ் பானெட்டை நாம் திறக்கவே முடியாது, சர்வீஸ் ஆட்கள்தான். வாஷர் தண்ணீருக்கு இடது முன் ஃபெண்டரில் தனி மூடி இருக்கும், டிரைவருக்குக் காட்டிக்கொடுத்துவிடுங்கள்.

பதில்: வீல்பேஸ்

தொடைத் தாங்கல் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஈக்யூஎஸ்-ஐ அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டாம். 10 டிகிரி பின்சக்கர ஸ்டீயரிங் உள்ள வண்டி 10.9 மீட்டர் வட்டத்தில் திரும்பும். ஐ7-ல் பின்சக்கரம் 3.5 டிகிரி, ஐ5-ல் 2.5. பேஸ்மென்ட்டில் தூண்களுக்கு நடுவே தினமும் அல்லாடுபவருக்கு அந்த வித்தியாசம் பெரிது. எடுக்கும் வண்டியில் 10 டிகிரியா 4.5 டிகிரியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதில்: த்ரீ_ஃபேஸ்

சார்ஜிங் பாயின்ட் எங்கே வைப்பது என்பதும் வண்டியைப் பொறுத்தது. ஐ7, ஈக்யூஎஸ், ஐ5 மூன்றுக்கும் சாக்கெட் வலது பின்பக்கம். ரிவர்ஸில் விட்டால் பின்சுவர் பாக்ஸிலிருந்து 5 மீட்டர் கேபிள் தாராளம். இ-ட்ரான் ஜிடிக்கு முன் ஃபெண்டரில். அதே பாக்ஸிலிருந்து கேபிள் வண்டி நீளத்துக்கு ஓடணும், 7 மீட்டராக வாங்குங்கள்.

த்ரீ ஃபேஸ் 11 கிலோவாட் என்றால் ஃபேஸுக்கு 16 ஆம்ப். ஐ7-ஐ 10-லிருந்து 80 சதவீதம் ஏற்ற ஏழு மணி நேரம். சிங்கிள் ஃபேஸில் 7.4 கிலோவாட் எடுக்க 32 ஆம்ப் வேண்டும், பதினொரு மணி நேரம் ஆகும். மீட்டர் போர்டிலிருந்து 40 மீட்டர் ஓட்டம் என்றால் 6 சதுர மிமீ காப்பர் ஒயரில் 8 வோல்ட் இறங்கும், 10 சதுர மிமீ போடுங்கள். முதலில் ஈபியில் லோடு ஏற்றுங்கள். பாக்ஸில் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இல்லையென்றால் டைப் பி ஆர்சிசிபி (டிசி கசிவையும் உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

வெளியே: 60 கிலோவாட் சிசிஎஸ்2-வில் (டிசி வேக சார்ஜர் பிளக்) நான்கும் கிட்டத்தட்ட ஒரே வேகம். உச்சத்தில் ஈக்யூஎஸ் 200, ஐ7 195, ஐ5 205 என்பதெல்லாம் பெரிய சார்ஜரில்தான் தெரியும்.

கேட்டவர்: பேஸ்மென்ட்_பி2

ஸ்டேக் தட்டில் ஈக்யூஎஸ் 16 மிமீ தானே அதிகம். எடையும் கிட்டத்தட்ட அதே. விட்டுப் பார்க்கலாமா?

பதில்: டேப்_மாஸ்டர்

வேண்டாம். ஐரோப்பியக் கணக்கில் அதன் எடை 2585, அதில் 75 கிலோ டிரைவருக்கு. அதைக் கழித்தாலும் 2510, டிக்கியில் ஒரு பை வைக்கும் முன்பே பிளேட் அளவைத் தாண்டியாயிற்று. ஓரத்தில் ஒளிக்கதிர் சென்சார் இருந்தால் பம்பர் 16 மிமீ நீட்டியதற்கே தட்டு நகராது, வரிசையில் எல்லார் வண்டியும் மாட்டிக்கொள்ளும். ஐ7 ஆள் இல்லாமலே 2640.

பட்டியலிலிருந்து எடுத்த இ-ட்ரான் ஜிடியை விட்டால், தட்டுக்கு ஐ5 மட்டும்தான் தேறும்: 5060 நீளம், ஆள் இல்லாமல் 2305 கிலோ. ஆனால் நகரும் தட்டில் சார்ஜர் பொருத்துவது சிக்கல். ஈக்யூஎஸ் எடுப்பதாக இருந்தால் பழைய ஸ்லாட்டையே வைத்துக்கொண்டு, 366 மிமீ மூக்கு வெளியே நிற்பதற்கு அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு புக் பண்ணுங்கள்.