தம்பிக்குத் தட்டணு (ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்) தேவை, வேலூரில் இருப்பவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குக் குடியாத்தம். தம்பிக்கு 24 வயது. பத்து நாள் முன்பு பல் துலக்கும்போது நுரையெல்லாம் சிவப்பாக இருந்தது. அப்புறம் காலில் ஊதாப் புள்ளிகள். முதலில் காட்டிய இடத்தில் டெங்கு என்று சொல்லி நான்கு நாள் ஓட்டிவிட்டார்கள். வேலூர் வந்த பிறகுதான் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. புரோமைலோசைட்டிக் லுகேமியாவாம். 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது. பழைய வகைப்பாட்டில் எம்3.

வகை சரியாகத் தெரிந்ததுதான் எங்களுக்குத் தெம்பு. இதற்கு வைட்டமின் ஏ வழிவந்த மாத்திரையும் ஆர்செனிக்கும் நன்றாகக் கேட்கும். ஆர்செனிக் என்றால் பாஷாணம்தான், அம்மா கேட்டதும் பதறிப்போனார். புதிதாக நோய் கண்ட 72 பேருக்கு ஆர்செனிக்கை மட்டுமே கொடுத்து நல்ல பலன் கண்டதாக நம் வேலூர் சிஎம்சி மருத்துவர்களே 2006இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் அமைதியானார்.

ஆனால் முதல் சில வாரம் ரத்தக்கசிவுதான் பெரிய ஆபத்து. அதனால் தட்டணு கொடுக்க பி பாசிட்டிவ் ஆட்கள் வேண்டும். மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கம் இருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், நானே வண்டியில் வந்து அழைத்துப் போகிறேன்.

இன்னொன்று, அம்மா கஞ்சி வைக்க அடுப்பு வசதியோடு ஒரு மாதத்துக்கு அறை கிடைக்குமா? இதே சிகிச்சை முடித்தவர்கள் யாராவது இருந்தால் தம்பியிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். ராத்திரியில் தூங்காமல் கிடக்கிறான்.